இரண்டாம் பாகம் என்றாலே ஏன் இடைவேளையில் வீட்டு நினைப்பு வந்துவிடுகிறது?

மேல்மலைக்காரன்

போன ஞாயிறு இங்கே கொடைக்கானல் மேல்மலையில், மன்னவனூரில் விடாத மழை. தோட்டத்தில் கால் வைக்க முடியவில்லை. சரி என்று வீட்டில் எல்லோரும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு ‘இந்தியன் 2’ போட்டோம். நான் தியேட்டரிலேயே பார்த்து நொந்தவன்தான், அப்பா பார்க்கவில்லை என்பதால் இன்னொரு முறை உட்கார்ந்தேன். நாற்பது நிமிடத்தில் அப்பாவிடமிருந்து குறட்டைச் சத்தம்.

இதே அப்பாதான் 1996இல் முதல் பாகத்துக்கு என்னையும் அண்ணனையும் காலை முதல் பஸ்ஸில் ஏற்றி வத்தலக்குண்டுக்குக் கூட்டிப்போனார். வழியில் நான் இரண்டு தடவை வாந்தி, அண்ணன் ஒரு தடவை. படம் விட்டு பெரியம்மா வீட்டுக்கு நடக்கும்போது அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. ராத்திரி சாப்பிடும்போது, “பெத்த மகனையே...” என்று பெரியம்மாவிடம் ஆரம்பித்தவர் அதோடு நிறுத்திவிட்டு ரசம் கேட்டார். எனக்கு அது இன்னும் ஞாபகம் இருக்கிறது.

28 வருடம் கழித்து, 2024 ஜூலையில், அதே இயக்குநர், அதே நடிகர், பல மடங்கு காசு, மூன்று மணி நேரப் படம். வெளியான சில நாட்களில் 12 நிமிடத்தை வெட்டினார்கள். நான் முதலில் பார்த்தது வெட்டாத படம், இப்போது பார்த்தது எது என்று எனக்குத் தெரியவில்லை, வித்தியாசமே தெரியவில்லை என்பதுதான் என் புகார்.

என் கேள்வி இந்த ஒரு படத்தைப் பற்றியது இல்லை. ‘சாமி ஸ்கொயர்’, ‘சண்டக்கோழி 2’, ‘விஸ்வரூபம் 2’ மூன்றும் ஒரே 2018இல் வந்தன, மூன்றையும் மலையிறங்கிப் போய்ப் பார்த்தேன், மூன்றுக்கும் பஸ் காசு தண்டம். பெரிய பட்ஜெட் சண்டைப் படத்துக்கு இரண்டாம் பாகம் எடுத்தால் ஏன் இப்படி ஆகிறது? எனக்குத் தோன்றுவதைச் சொல்லிவிடுகிறேன். முதல் பாகத்தில் நாயகனுக்கு இழக்க ஏதோ ஒன்று இருந்தது. இந்தியன் தாத்தா சொந்த மகனையே கொன்றார். அதற்கு மேல் அவரிடமிருந்து எதைப் பறிப்பது? இரண்டாம் பாகத்தில் அவர் வருகிறார், வர்மம் போடுகிறார், போகிறார். வயது நூறைத் தாண்டிய மனிதருக்கு ஒரு இருமல்கூட வரவில்லை.

அடிவாரம்

இயக்குநருக்கு வயசாகிவிட்டது. அவ்வளவுதான் விஷயம். இதற்கு ஒரு விவாத இழை தேவையா?

ஏரிச்சாலை

அப்படியா? ‘மேட் மேக்ஸ்: ஃபியூரி ரோட்’ 2015இல் வந்தபோது அதன் இயக்குநர் ஜார்ஜ் மில்லருக்கு 70 வயது. முந்தைய பாகம் 1985இல். முப்பது வருட இடைவெளி, அதுவும் வரிசையில் நான்காவது படம். வயசுதான் காரணம் என்றால் அது எழுந்தே நின்றிருக்கக் கூடாது. ‘டாப் கன்’ இரண்டாம் பாகம் 36 வருடம் கழித்து 2022இல் வந்து ஓடியது.

பண்ணைக்காடு காபி

எல்லோரும் ஒன்றை விட்டுவிட்டுப் பேசுகிறீர்கள். தோற்ற படத்துக்கு யாராவது இரண்டாம் பாகம் எடுப்பார்களா? எதிர்பாராமல் நல்ல நேரம், நல்ல கதை, நல்ல பாட்டு, சரியான வில்லன் எல்லாம் ஒன்றாகக் கூடி வந்த படத்துக்கு மட்டும்தான் எடுக்கிறார்கள். அந்த மாதிரி எல்லாம் ஒன்றுகூடுவது இன்னொரு தடவை நடப்பது கஷ்டம். சும்மா சராசரியாக எடுத்தாலே முந்தையதை விடக் கீழேதான் இருக்கும். நாம் அதைத் தோல்வி என்கிறோம்.

எங்கள் கீழ்மலையில் காபித் தோட்டம் வைத்திருப்பவர்களைக் கேளுங்கள். அரபிகா ஒரு வருடம் கிளை வளையக் காய்க்கும். பார்க்கிறவன் எல்லாம் கண் வைப்பான். அடுத்த வருடம் பாதிகூட வராது. ஏனென்றால் பழம் பிடிப்பது போன வருடம் விட்ட புதுத் தளிர்க் கிளையில். காய்ப்பு அதிகமான வருடத்தில் செடி சத்தையெல்லாம் காய்க்கே கொடுத்துவிடும், புதுக் கிளை விட அதற்குத் தெம்பு இருக்காது. விவரம் தெரியாதவன் ‘போன வருசம் இவ்வளவு வந்ததே’ என்று உரத்தை இரட்டிப்பாகக் கொட்டுவான். இலை கரும்பச்சையாக, பளபளவென்று வரும். பழம் வராது. என் மாமனார் அப்படி ஒரு வருடம் கொட்டிவிட்டு, தோட்டத்தைப் பார்க்க வந்தவர்களிடம் இலையைக் காட்டிக்கொண்டிருந்தார். அடுத்து செய்ய வேண்டியது கவாத்து. மனசு கேட்காது, ஆனால் காய்த்த கிளையை வெட்டித்தான் ஆக வேண்டும்.

இரண்டாம் பாகம் எடுப்பவர்கள் கவாத்து செய்வதில்லை. பழைய வசனம், பழைய பின்னணி இசை, பழைய நடை, பழைய வில்லனின் மகன், எல்லாம் அப்படியே இருக்கும். மேலே உரம்.

டாப்கியர் டிரைவர்

அண்ணே காபி அண்ணே, அருமை. நான் எனக்குத் தெரிந்த பக்கத்திலிருந்து சொல்கிறேன். வாரம் மூன்று தடவை மேல்மலையிலிருந்து வடுகபட்டிக்குப் பூண்டு ஏற்றிப்போகிறவன் நான், பதினாறு வருடமாக. சண்டைப் படத்தில் கார் துரத்தல் வந்தால் எனக்கு மட்டும் வேற மாதிரி தெரியும்.

பயம் எங்கிருந்து வருகிறது தெரியுமா? வண்டியால் என்ன முடியாது என்பதிலிருந்து. லோடு ஏற்றிய பிக்கப்பைப் பெருமாள்மலை தாண்டி இறக்கும்போது செகண்ட் கியரை விட்டு நான் மாற மாட்டேன். பிரேக்கை அழுத்திக்கொண்டே இறங்கினால் சூடேறிவிடும், டயர் எரிவது போல ஒரு வாடை வரும், அந்த வாடை வந்துவிட்டால் ஓரம் கட்டி நிறுத்தி ஆறவிட வேண்டும், எத்தனை அவசரமானாலும் சரி. பனி இறங்கிய ராத்திரியில் கண்ணாடியைத் திறந்து வைத்து, குளிரானாலும் பரவாயில்லை என்று, எதிரே வருகிற வண்டிச் சத்தத்தைக் காதால் கேட்டு ஓட்டுவோம். வளைவில் மேலே ஏறுகிறவனுக்கு வழி விட வேண்டும். இவ்வளவு கட்டுப்பாடு இருப்பதால்தான் அந்த ரோடு பயங்கரமாக இருக்கிறது.

‘ஸ்பீட்’ என்று ஒரு இங்கிலீஷ் படம், 1994. பஸ்ஸில் வெடிகுண்டு, வேகம் மணிக்கு 50 மைலுக்குக் கீழே, அதாவது நம் கணக்கில் 80 கிலோமீட்டருக்குக் கீழே இறங்கினால் வெடிக்கும். தமிழில் டிவியில் போடும்போதெல்லாம் நான் பார்ப்பேன். வளைவு வந்தால் என் கால் தானாக பிரேக்கைத் தேடும், ஆனால் பிரேக் போடக் கூடாது! என்ன ஒரு யோசனை. அதற்கு 1997இல் இரண்டாம் பாகம் எடுத்தார்கள், அதே இயக்குநர்தான். முதல் பாகத்து நாயகன் நடிக்க மறுத்துவிட்டார். பஸ்ஸுக்குப் பதில் சொகுசுக் கப்பல். செலவு பத்து கோடி டாலருக்கும் மேல், முதல் பாகத்தைப் போல மூன்று மடங்காவது இருக்கும். கப்பல் திரும்புவதற்குள் நான் டீ குடித்துவிட்டு வந்துவிட்டேன். கடலில் வளைவா, பள்ளமா, எதிரே வண்டியா? வேகம் என்று தலைப்பு வைத்துவிட்டு எதில் ஏற்றுகிறார்கள் பாருங்கள்.

அடிவாரம்

டிரைவர் அண்ணே, அந்த பஸ்ஸும் பாலத்தில் பாதி கட்டாத இடத்தைப் பறந்து தாண்டியதே? அது மட்டும் உங்கள் ரோட்டில் நடக்குமா?

டாப்கியர் டிரைவர்

நடக்காது தம்பி. ஆனால் அது ஒரே ஒரு தடவைதான் தாண்டியது. அதற்கு முன்னால் அவ்வளவு நேரம் ஒழுங்காக ரோட்டில் ஓடி நம் நம்பிக்கையைச் சம்பாதித்திருந்தது. சம்பாதித்தவன் ஒரு நாள் செலவு செய்யலாம். இப்போது வருகிற இரண்டாம் பாகங்களில் முதல் சண்டையிலேயே கார் பறக்கிறது.

அடிவாரம்

சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ‘பாகுபலி’க்கு என்ன சொல்வீர்கள்? 2015இல் முதல் பாகம், 2017இல் இரண்டாம் பாகம், இரண்டாவதுதான் இன்னும் பெரிசாக ஓடியது. ‘கேஜிஎஃப்’ 2018, 2022. ‘புஷ்பா’ 2021, 2024. எல்லாம் காசு கொட்டி எடுத்த சண்டைப் படம்தான். எங்கே போயிற்று உங்கள் காபிச் செடி?

பண்ணைக்காடு காபி

அதெல்லாம் ஒரே கதையை நடுவில் நிறுத்தி இரண்டாக விட்டது. கட்டப்பா ஏன் குத்தினான் என்று தெரியாமல் இரண்டு வருடம் ஊரே பேசியது. அது ஒரே செடி, ஒரே காய்ப்பு, இரண்டு பறிப்பு. நான் பேசுவது கதை முடிந்து, வணக்கம் போட்டு, எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு மறுபடி கூப்பிடுவதைப் பற்றி.

மேல்மலைக்காரன்

கூடவே இன்னொன்று. முடிந்த கதையைத் தொடர வேண்டுமென்றால் முதல் பாகத்தின் முடிவைக் கெடுத்தாக வேண்டும். ‘டெர்மினேட்டர்’ வரிசையில் இரண்டு படமாகக் காப்பாற்றிய பையனை 2019 பாகத்தில் ஆரம்பத்திலேயே சுட்டுத் தள்ளிவிட்டார்கள். அப்புறம் நான் எதற்கு இத்தனை வருடம் பதறினேன்?

ஏரிச்சாலை

நல்ல இடத்துக்கு வந்தீர்கள், ஆனால் யாரைச் சுடுகிறார்கள் என்றும் பாருங்கள். பாதிக்கு மேல் மனைவிதான்.

‘சாமி’ 2003இல் வந்தபோது நான் பள்ளிக்கூடம். எங்கள் தெருவில் பெண்கள் எல்லோரும் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள், சண்டைக்காக இல்லை. அந்த வீட்டுக்குள் நடக்கிற கேலி, நாயகன் ஆறுச்சாமி மாமூல் வாங்குகிற போலீஸாக இருப்பது, அது நாயகிக்குத் தெரியவரும்போது என்ன ஆகும் என்கிற பதற்றம். அந்த ஆறுச்சாமி நல்லவனா என்றே முதலில் தெரியாது. இரண்டாம் பாகத்தில் அந்தப் பெண் பாத்திரத்துக்கு வேறு நடிகை வந்தார், கணவனும் மனைவியும் கொலை, பிறகு மகன் வளர்ந்து ஐபிஎஸ் ஆகி வருகிறான், பழைய வில்லன் பெருமாள் பிச்சைக்கும் ஒரு மகன் வருகிறான். மகனுக்கு மாமூலும் இல்லை, குழப்பமும் இல்லை, பிறந்ததிலிருந்தே நியாயவான். நியாயவானை மூன்று மணி நேரம் பார்க்க நான் எதற்கு டிக்கெட் எடுக்க வேண்டும்?

என் அம்மா ஒரே வரியில் சொல்வார்கள்: “முதல் படத்துல ஒரு குடும்பம் இருந்துச்சு, இதுல சத்தந்தான் இருக்கு.”

வாடகை ஜீப்

நான் பொதுவாக எழுதுவதில்லை, படித்துவிட்டுப் போய்விடுவேன். இதற்கு மட்டும் எழுதுகிறேன். படத்தின் பெயர் சொல்ல மாட்டேன், கேட்காதீர்கள்.

ஒரு படத்தின் முதல் பாகத்துக்கு என் ஜீப்பைத்தான் எடுத்தார்கள். யூனிட் மொத்தமே இரண்டு வேன், ஒரு ஜெனரேட்டர். மூன்று நாள் வேலை. இரண்டாவது நாள் பனி இறங்கி எதிரே நிற்கிற ஆள் தெரியவில்லை. இயக்குநர் கொஞ்ச நேரம் டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார், அப்புறம் “சரி, பனியிலேயே அடிச்சுக்கட்டும்” என்றார். யார் அடிக்கிறார், எங்கிருந்து வருகிறார் என்றே தெரியாமல் சண்டை. நாயகன் உண்மையிலேயே வழுக்கி விழுந்தார், முழங்கால் கிழிந்தது, அதையும் படத்தில் வைத்தார்கள். தியேட்டரில் அந்த இடத்தில் ஒரு சத்தம் வரவில்லை. அவ்வளவு அமைதி.

ஐந்து வருடம் கழித்து இரண்டாம் பாகம். கேரவன் மட்டும் ஏழோ எட்டோ, வளைவில் திரும்ப முடியாமல் ஒன்று பெருமாள்மலையிலேயே நின்றுவிட்டது. அதே இடம், அதே மாதிரி பனிச் சண்டை வேண்டுமாம். ஆனால் நிஜப் பனி வந்ததும் ஷூட்டிங்கை நிறுத்திவிட்டார்கள்! ஒரு ஷாட்டில் பனி இருந்து அடுத்த ஷாட்டில் இல்லையென்றால் கம்ப்யூட்டர் வேலைக்கு ஒத்து வராது என்று. பனி விலகும் வரை இருநூறு பேர் உட்கார்ந்து பிரியாணி சாப்பிட்டோம். விலகிய பிறகு புகை மெஷினைப் போட்டுப் புகை விட்டார்கள். கொடைக்கானலில், பனிக்காலத்தில், புகை மெஷின். பச்சைத் துணி கட்டி டூப் போட்டு எடுத்தார்கள், நாயகன் மூன்றாம் நாள் வந்து முகத்தை மட்டும் கொடுத்துவிட்டு இறங்கிவிட்டார். அந்த ஸ்டண்ட் பையன்கள் பாவம், கயிற்றில் தொங்கி உள்ளங்கை எல்லாம் தோல் உரிந்திருந்தது. படத்தில் அவர்கள் உழைப்பு தெரியவே இல்லை, எல்லாம் பொம்மை மாதிரி இருந்தது.

அன்றன்றைக்குக் காட்சி காலையில் வாட்ஸப்பில் வரும். ரிலீஸ் தேதி மட்டும் போஸ்டரில் முன்பே அடித்தாயிற்று.

தாண்டிக்குடி டு வடபழனி

ஜீப் அண்ணன் சொன்னது அப்படியே உண்மை. நான் எடிட்டிங்கில் உதவியாளர், சென்னையில் நான்காவது வருடம். மூன்று படத்தில் வேலை செய்திருக்கிறேன், அதில் ஒன்று இரண்டாம் பாகம்.

வெளியிலிருந்து பார்த்தால் காசு அதிகம் என்றால் சுதந்திரம் அதிகம் என்று தோன்றும். உள்ளே அது தலைகீழ். முதல் பாகம் ஓடிய பெயரை வைத்து ஓடிடி, சாட்டிலைட், ஆடியோ, வெளிநாடு, இந்தி டப்பிங் என்று உரிமைகளை முன்கூட்டியே பேசிவிடுகிறார்கள். பேசும்போது கதை முழுதாக இருக்காது, தேதி இருக்கும். தேதிக்குப் பின்னோக்கிக் கணக்குப் போட்டால் கம்ப்யூட்டர் கிராபிக்ஸ் கம்பெனிக்கு மாதங்கள் வேண்டும், அதனால் சண்டைகளை முதலில் எடுத்துவிடுவார்கள். எதற்காகச் சண்டை என்பது பிறகு எழுதப்படும். பல மாநிலத்தில் ஓட வேண்டும் என்று ஒவ்வொரு மொழியிலிருந்தும் ஒரு நடிகர், ஒவ்வொருவருக்கும் அறிமுகக் காட்சி, ஒவ்வொன்றுக்கும் ஸ்லோ மோஷன். இடைவேளை வரை அறிமுகம்தான் ஓடுகிறது.

அப்புறம் எடிட்டிங் மேஜைக்கு வருகிறது. ஒரு சண்டை பதினொரு நிமிடம் ஓடுகிறது, ஐந்து நிமிடம் போதும் என்று அறையில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும், எனக்கே தெரிகிறது. யாரும் வாய் திறப்பதில்லை. ஏனென்றால் அதை எடுக்க எத்தனை நாள், எவ்வளவு செலவு என்று எல்லோருக்கும் தெரியும், தயாரிப்பாளரும் பின்னால் சோபாவில் உட்கார்ந்திருக்கிறார். கடைசியில் எது போகும்? செலவில்லாமல் எடுத்தது போகும். அம்மாவும் மகனும் திண்ணையில் பேசுகிற காட்சி போகும். நான் வேலை செய்த படத்தில் அப்படி ஒன்று போனது, எனக்கு அந்தப் படத்திலேயே பிடித்த ஒன்றரை நிமிடம்.

காபி அண்ணன் கவாத்து என்றாரே, நாங்கள் வெட்டுகிறோம் அண்ணே. தளிரை வெட்டுகிறோம், முற்றிய கிளையை விட்டுவிடுகிறோம்.

அடிவாரம்

அப்படியென்றால் காசுதான் வில்லன் என்கிறீர்கள். ஆனால் ‘டெர்மினேட்டர்’ முதல் படம் 1984இல் 64 லட்சம் டாலரில் எடுத்தது, 1991இல் இரண்டாவது சுமார் பத்து கோடி டாலர். பதினைந்து மடங்கு. இரண்டாவதுதான் உசத்தி என்று பலரும் சொல்கிறார்கள், நானும்.

தாண்டிக்குடி டு வடபழனி

காசு வில்லன் இல்லை தம்பி, காசு முதலில் வந்து உட்கார்ந்துகொள்வதுதான் வில்லன். அதில் இயக்குநர் கேமரூன் முதல் பாகத்தில் கொல்ல வந்த இயந்திரத்தையே இரண்டாம் பாகத்தில் காவலாக்கினார். புரட்டிப் போட்டார். முதல் பாகத்தில் ஓடி ஒளிந்த பெண் இதில் துப்பாக்கி தூக்குகிறாள், மகனுக்கே அவளைப் பார்த்தால் பயம். பணம் அந்த யோசனைக்குச் செலவாயிற்று. கடைசியில் அந்த இயந்திரம் உருகிய இரும்புக்குள் இறங்கும்போது கையை மட்டும் தூக்கும், பார்த்திருப்பீர்கள்.

மேல்மலைக்காரன்

அந்தக் கை! அதைத்தான் நான் முதல் பதிவில் சொல்லத் தெரியாமல் சொன்னேன். அவன் போய்விட்டான் என்று நமக்கு வலித்தது. அடுத்தடுத்த பாகங்களில் அதே முகம் திரும்பத் திரும்ப வந்தபோது, போனாலும் வந்துவிடுவான் என்று தெரிந்துபோயிற்று.

ஏரிச்சாலை

இங்கே நம் வீட்டு வாசலிலேயே உதாரணம் இருக்கிறது, யாரும் சொல்லவில்லை. 2024இல் ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’. கார் துரத்தல் இல்லை, வில்லன் இல்லை. ஒரு குழி, ஒரு கயிறு, மேலே நண்பர்கள். 2006இல் நம் குணா குகைக் குழியில் ஒரு பையன் நிஜமாகவே விழுந்தான், பிழைத்துவிட்டான் என்று செய்தியில் படித்துவிட்டுத்தான் போய் உட்கார்ந்தேன், அப்படியும் கை வியர்த்தது. குகையின் பெரும்பகுதியை கேரளாவில் பெரும்பாவூரில் செட் போட்டு எடுத்தார்களாம். எனக்கு செட் என்றே தெரியவில்லை. ஆக செட்டு, கிராபிக்ஸ் எதுவும் குற்றம் இல்லை.

(அந்தப் படத்துக்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை குகை இருக்கிற பில்லர் ராக் பக்கம் நகர முடிவதில்லை என்பது வேறு கதை.)

வாடகை ஜீப்

தங்கச்சி, அந்த டிராபிக்கில்தான் நான் ஜீப் தவணை கட்டுகிறேன். அதைக் குறை சொல்லாதீர்கள்.

பண்ணைக்காடு காபி

அந்தப் படத்துக்கு இரண்டாம் பாகம் எடுக்காமல் இருந்தால் சரி. அதே குழியில் அதே பையன் மறுபடி விழ முடியாது.

அடிவாரம்

இந்த முறை ஹெலிகாப்டரிலிருந்து விழுவான்.

டாப்கியர் டிரைவர்

பேச்சு நல்லா போகிறது, நடுவில் ஒரு தகவல். சனிக்கிழமை பூண்டு இறக்கிவிட்டுச் சாயங்காலம் தேனியில் படம் பார்க்கலாம் என்று இருக்கிறேன். கேபினில் இரண்டு பேருக்கு இடம் உண்டு, ஏறுகிறவர்கள் வெள்ளிக்கிழமை ராத்திரிக்குள் சொல்லுங்கள். காலை நான்கு மணிக்குக் கிளம்புவேன், காத்திருக்க மாட்டேன்.

மேல்மலைக்காரன்

நானும் அப்பாவும் வருகிறோம் அண்ணே. என்ன படம்?

டாப்கியர் டிரைவர்

தெரியாது. தலைப்பில் நம்பர் இல்லாத படம் எது ஓடினாலும் சரி. அப்பாவுக்கு ஒரு கம்பளி எடுத்துக்கொள்ளுங்கள், மலையிறங்கிக் காட்ரோடு வரும் வரை கண்ணாடி திறந்துதான் இருக்கும்.